தெல்தெனியவைப் பார்க்கும் முறை

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்த கையோடு நுவரெலியா பஸ் ஏறிவிடுகிறார்கள். மகியங்கனை வீதியில் திகனையைத் தாண்டித் தெல்தெனிய வரை வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் விக்டோரியா அணைக்கட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரை ரசிக்க வேண்டுமானால், கண்ணில் படாததையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். பழைய தெல்தெனிய தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

அணைக்கட்டில் நீர் நிரம்பியபோது கடைத்தெருவும் வயல்களும் வீடுகளும் அமிழ்ந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இன்றுள்ள பட்டணம் மேட்டில் புதிதாகக் கட்டியது. அதனால் முதல் வருகைக்குக் கடும் கோடையைத் தேர்ந்தெடுங்கள். நீர் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் வெடித்த சேற்றின் நடுவே பழைய சுவர்த்துண்டுகளும் அத்திவாரங்களும் தலைகாட்டும். சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும். கரையில் ஐம்பது வயதைக் கடந்த யாரிடமாவது "உங்கட வீடு எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேளுங்கள். கை நீளும் திசையில் பார்த்தால், வெறும் நீர்ப்பரப்பில் ஒரு தெரு தெரியத் தொடங்கும்.

பிறகு அணைக்கட்டுக்குப் போகலாம். பிரித்தானிய உதவியுடன் கட்டி 1985 ஏப்ரலில் திறந்தார்கள். அன்றைய பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வந்திருந்தார். 122 மீற்றர் உயரம், இலங்கையில் இதைவிட உயர்ந்த அணை இல்லை. உயரத்தைவிட வளைவைக் கவனியுங்கள். சுவர் கிடையாகவும் வளைகிறது, நிலைக்குத்தாகவும் வளைகிறது. தேங்கிய நீரின் தள்ளுவிசையை அந்த வளைவு இரு கரைப் பாறைகளிடமும் ஒப்படைத்துவிடுகிறது. கொங்கிறீற் அத்தனை மெல்லியதாக நிற்க முடிவது அதனால்தான். உச்சியிலுள்ள எட்டு வான்கதவுகளையும் பாருங்கள். கொங்கிறீற் எடைகள் அவற்றைத் திறக்கும் பக்கமாக எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். மூடத்தான் விசை வேண்டும். மின்சாரம் அற்றுப்போன வெள்ள இரவிலும் கதவு திறந்தாக வேண்டும் என்று யோசித்த அந்தப் பொறியியலாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தும்பறை என்ற இந்தப் பகுதிக்கே உரிய தும்பறைப் பாயை நெய்கிறவர்கள் குண்டசாலைப் பக்கம் இருக்கிறார்கள். இந்தக் கைவினை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கண்டியிலிருந்து வரும் வழியில் இறங்கி ஒன்று வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.

தமிழ் வாசகர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இன்னும் மேலே, மெதமகாநுவரவுக்கு அருகிலுள்ள போமுரே. 1815 பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்தபோது கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தும்பறை மலைகளுக்குள் ஒதுங்கினான். முந்தைய படையெடுப்புகளிலும் கண்டி மன்னர்களுக்கு அடைக்கலம் தந்த மலைகள் அவை. இந்த முறை மலை இருந்தது, மக்கள் அவன் பக்கம் இல்லை. 18ஆம் திகதி, ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவனை, அவனுக்கு எதிராகத் திரும்பிய பிரதானி எஹெலேபொலவின் ஆட்களே பிடித்தார்கள். அங்கே இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. கல்லைப் படித்துவிட்டுச் சுற்றியுள்ள முகடுகளைப் பாருங்கள். இவ்வளவு பாதுகாப்பான இடத்தில் ஏன் அகப்பட்டான் என்ற கேள்வி தானாக எழும். எஹெலேபொலவின் மனைவி மக்களுக்கு முந்தைய ஆண்டு அவன் கொடுத்த மரணதண்டனையில் பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. கண்ணுசாமி என்ற பெயருடைய நாயக்கர் குலத்தவன் என்பதற்காக மட்டும் அவனுக்குக் கண்ணீர் விடுவதும், கொடுங்கோலன் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் அரைப் பார்வை. மார்ச் 2இல் எழுதிய கண்டி ஒப்பந்தம் அவனோடு அவன் குலத்தின் அரசுரிமையையே ஒழித்தது. பிரதானிகளின் கோபமும் ஆங்கிலேயரின் கணக்கும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன.

இந்தக் கதை இலங்கையோடு முடியவில்லை. 1816 ஜனவரியில் அவனைக் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்துமண்டபம் என்ற நினைவிடம் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் போன அவன் சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போமுரேக்குப் போகுமுன் கொழும்பில் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வேலூரிலிருந்தே தொடங்கலாம்.