எம்டனும் சரக்குச் சீட்டும்

'அவன் சரியான எம்டன்' என்று சொல்பவர்களில் பலருக்கு அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது தெரியாது. நமக்கு எம்டன் என்றால் கெட்டிக்காரன், கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆள். 2006-இல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயர்கூட 'எம்டன் மகன்'தான். அதில் நாசர் நடத்துவது மளிகைக்கடை. இந்தத் தற்செயல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜ எம்டனின் கதையிலும் பீரங்கியைவிடச் சரக்குதான் அதிகம்.

அந்தக் கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே 1915-இல் எழுதிய 'எம்டன்' நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். கல்லூரி நண்பன் தன் விடுமுறைக் கதையைச் சொல்வதுபோன்ற உற்சாகமான குரல் அவருடையது. கப்பலில் சோப்பு தீர்ந்துபோகிறது, பிடிபட்ட 'இண்டஸ்' கப்பலில் சோப்பு கிடைக்கிறது, எல்லாருக்கும் கொண்டாட்டம். சென்னை (22 செப்டம்பர் 1914), பினாங்கு (28 அக்டோபர்) தாக்குதல்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்றுகூடச் சேர்த்துக்கொண்டோம். 1914-இல் மனுஷன் இருந்தது ஐரோப்பாவில்.

பிரிஞ்சாங்கில் ஒரு தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அதனால் என்னை நிறுத்தியது 'டிப்ளமாட்'. கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றிப் போன இந்தப் பெரிய கப்பலை எம்டன் செப்டம்பர் 13 அன்று பிடித்து மூழ்கடித்தது. நம் ஆட்கள் பறித்த இலை இல்லை; அஸ்ஸாம், வங்காளப் பக்கத்துச் சரக்கு. இருந்தாலும் ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்ற கணக்கு தெரிந்தவனால் அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

அதற்கு முந்தின நாள் பிடித்த 'கபிங்கா'வை மட்டும் ஏன் விட்டார்கள்? அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் கப்பலில் இருந்தார்கள். கதை சொல்கிற எல்லாரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: எம்டன் கேப்டன் ஃபான் முல்லர் எப்பேர்ப்பட்ட பெருந்தன்மைக்காரர் பாருங்கள்! கப்பல் பிரிட்டிஷ், ஆனால் சரக்கு அமெரிக்கர்களுடையது. 1856 பாரிஸ் பிரகடனப்படி, எதிரிக் கப்பலில் போனாலும் நடுநிலை நாட்டுக்காரரின் பொருளைப் பறிமுதல் செய்யக்கூடாது. போர்த் தளவாடத்துக்கு மட்டும் விதிவிலக்கு. மூழ்கடித்தால் ஜெர்மனி நஷ்ட ஈடு கட்ட வேண்டும். கபிங்காவைக் காப்பாற்றியது சரக்குச் சீட்டு. முல்லர் நல்லவர்தான், மறுக்கவில்லை. பிடித்த கப்பல்களின் ஆட்களை இறக்கிவிட்ட பிறகே மூழ்கடித்தார், அதுவரை பிடிபட்டவர்களைக் கபிங்காவிலேயே ஏற்றி அனுப்பினார். ஆனால் பெருந்தன்மைக்கு ஒரு காகிதம் துணைக்கு நின்றது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு இல்லை, சினிமா.

இந்தக் காகிதச் சண்டை பழசு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் உரிமப் பத்திரம் வாங்கிக்கொண்டு தனியார் கப்பல்களே எதிரிச் சரக்கைப் பிடிக்கக் கிளம்பின. பிடித்தது தன்னுடையதாக வேண்டுமென்றால் அட்மிரால்டி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீதிபதி கப்பலில் கிடைத்த ஒவ்வொரு தாளையும் பார்ப்பார்: இது யார் சரக்கு, எந்தத் துறைமுகத்துக்கு, சீட்டு உண்மையா போலியா? போர்க்காலத்தில் இரண்டு செட் சீட்டு வைத்துக்கொண்டு ஓடிய வணிகர்களும் உண்டு. அப்படிக் கைப்பற்றிய தாள்கள் லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பெறுநருக்குப் போய்ச் சேராத கடிதங்களும் அவற்றில் உண்டு.

எம்டனுக்கு அந்த நீதிமன்றம் கிடையாது. பிடித்ததைக் கொண்டுபோக வங்காள விரிகுடாவில் ஜெர்மன் துறைமுகம் இல்லை. தளத்திலேயே சீட்டைப் படித்து, அங்கேயே தீர்ப்பு. 'பொன்டோபோரோஸ்' கிரேக்கக் கப்பல், நடுநிலை. சுமந்ததோ பிரிட்டிஷாருக்கான நிலக்கரி. அதன் கேப்டனிடம் வாடகை பேசி, அதே கரியை ஜெர்மனிக்காக ஓட்டச் சொன்னார்கள். புத்தகத்தின் மிகச் சுவாரஸ்யமான விஷயம் இதுதான் என்பேன். ஒரு நல்ல நாவலாசிரியர் இதிலேயே நூறு பக்கம் உட்கார்ந்திருப்பார். மியூக்கே அவசரமாக அடுத்த கப்பலுக்குப் போய்விடுகிறார்.

என் பெரிய குறை வேறு. 'கிளான் மாத்தெசன்' கப்பலில் ஒரு பந்தயக் குதிரை இருந்தது. கப்பலை மூழ்கடிக்கும் முன் அதைச் சுட்டுக் கொன்றார்கள். எம்டனைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் குதிரையை விடுவதில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் பலவும் லஸ்கர் மாலுமிகளை நம்பித்தான் ஓடின. கபிங்காவின் தளத்தில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், திரும்பிய பிறகு சம்பளம் கிடைத்ததா? மியூக்கேயிடம் இதற்குப் பதில் இல்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய அடுத்த நூல் 'ஆயிஷா'வையும் படிக்கலாம். நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை முடித்தபோது இவர் கொக்கோஸ் தீவில் கரையில் இருந்தார். அங்கே நின்ற ஒரு பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பினார். அதுவும் தீவுக்காரர்களின் சொத்துதான். வேலை முடிந்ததும் அதையும் மூழ்கடித்துவிட்டார்.