பூவின் நிறம் பார்த்து மரம் நடலாமா?

வீட்டுத் தோட்டம் பற்றிய கையேடுகளைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் ஓர் அட்டவணையைக் காணலாம். மரத்தின் பெயர், பூவின் நிறம், பூக்கும் மாதம், விதையா பதியனா என்ற குறிப்பு, அவ்வளவுதான். அதில் சொல்லப்பட்டிருப்பவை பெரும்பாலும் சரியானவையே. சொல்லாமல் விடப்பட்டவைதாம் வீட்டுக்காரருக்குப் பின்னாளில் தொல்லை தருகின்றன.

இந்த அட்டவணை முறைக்கு ஒரு மதிப்புமிக்க பரம்பரை உண்டு. எம். எஸ். ரந்தாவா எழுதிய 'ஃபிளவரிங் ட்ரீஸ்' என்ற நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1965இல் வெளியிட்டது. சண்டிகர் நகரின் சாலைகளில் எந்த மரத்தை எங்கே நடுவது என்று திட்டமிட்டதில் பெரும்பங்கு அவருடையது. அகன்ற சாலைக்கும் பூங்காவுக்கும் மரம் தேடியவர் பூவின் நிறத்தையும் பருவத்தையும் முதலில் பார்த்தது இயல்பே. சாலைக்காகத் தேர்ந்த மரங்களைப் பின்வந்த கையேட்டாசிரியர்கள் அப்படியே வீட்டு வாசலுக்குப் பெயர்த்து வைத்ததுதான் பிழை.

குல்மோகரை எடுத்துக்கொள்வோம். செம்மயிற்கொன்றை என்றும் இதைச் சொல்வர். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இம்மரம் கோடையில் பூத்து நிற்கும் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வளர்ந்த மரத்தின் தழைக்குடை 30 அடி முதல் 40 அடி வரை விரியக்கூடியது. 40 அடி குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1256 சதுர அடி. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. ஆக, மனையின் பாதிக்குமேல் ஒரே மரத்துக்கு வேண்டும்! வீடு கட்டியபின் எஞ்சுவதோ சுற்றுச்சுவரை ஒட்டிய சில அடி அகலமுள்ள மண். பூக்கும் காலம் இரண்டு மூன்று மாதம். மற்ற மாதங்களில் சிற்றிலைகள் உதிர்ந்து மாடியின் மழைநீர்க் குழாயை அடைக்கும். பின்னர் வாள்போன்ற கருங்காய்கள் மாதக்கணக்கில் தொங்கும். இவை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

மரத்தின் வலிமையையும் பார்க்க வேண்டும். விரைவாக வளரும் மரங்களின் கட்டை பொதுவாக இலேசானது; கிளைகள் எளிதில் ஒடியும். காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின்மீது அது செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அகன்ற தழைக்குடையும் ஆழமில்லாத வேரும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை 2016 டிசம்பர் 12 அன்று 'வர்தா' புயல் சென்னைக்குக் காட்டியது. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

அதன்பின் "அயல்நாட்டு மரம் விழும், நம் நாட்டு மரம் நிற்கும்" என்ற பேச்சு பரவிற்று. இதுவும் அரைகுறை உண்மையே. நம் நாட்டு முருங்கையின் கிளை ஒடிவதைக் காணாதவர் உண்டா? வேப்பமரங்களும் அன்று விழத்தான் செய்தன. நடைபாதைக்கும் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டும்போது வேரை ஒரு பக்கமாக வெட்டிவிட்டால், எந்நாட்டு மரமாயினும் பிடிப்பை இழக்கும். பிறந்த நாட்டைவிடக் கட்டையின் தன்மையும் வேருக்குக் கிடைக்கும் மண்ணின் அளவுமே இங்குப் பெரிதும் கருத வேண்டியவை.

வேரைப் பற்றிய அச்சத்திலும் மிகை உண்டு. நல்ல நிலையிலுள்ள குழாயை வேர் துளைத்துச் செல்வது அரிது; கசிவுள்ள மூட்டையும் வெடிப்பையும் தேடித்தான் நுழையும். ஆனால் களிமண் நிலத்தில், பெரிய மரம் நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி, அருகிலுள்ள அடித்தளம் விரிசல் காணக்கூடும். எவ்வளவு தொலைவில் நடுவது என்பதை மண்ணின் வகையோடு சேர்த்துச் சொல்லாத கையேட்டால் பயன் குறைவு.

சிறு மனைக்கு மரமே கூடாதா? அப்படியில்லை. பவழமல்லி ஒன்று போதும். மாலையில் மலர்ந்து விடியுமுன் உதிரும் இதன் வெண்ணிறமும் மணமும் இரவில் பறக்கும் விட்டில்களுக்கான அழைப்பு. காம்புபோல் தோன்றும் செம்மஞ்சள் குழலில் உள்ள நிறப்பொருள், குங்குமப்பூவின் நிறப்பொருளோடு உறவுடையது. சற்று இடமுள்ளவர்கள் சரக்கொன்றையை நடலாம். அதன் தளிர்களைப் பச்சைப் புழுக்கள் தின்பதைப் 'பூச்சித் தாக்குதல்' என்று சொல்லி மருந்தடிக்கச் சொல்வோர் உண்டு. அவற்றில் பல, வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். மரம் மீண்டும் தழைத்துவிடும். பொறுத்திருந்தால் தோட்டத்தில் பூக்களோடு வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கும். கடலோர வீட்டுக்காரர்கள் உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசையும் புன்னையையும் எண்ணிப் பார்க்கலாம். புன்னை நாளடைவில் பெரிதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

செடிகளுக்கு வந்தால், அடுக்குப்பூதான் உயர்ந்தது என்ற எண்ணம் கையேடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிட்டிருக்கும். கண்ணுக்கு நிறைவு, மகரந்தம் தேடி வரும் தேனீக்கோ ஏமாற்றம். மாணவர்கள் ஒற்றைப்பூ ஒன்றையும் அடுக்குப்பூ ஒன்றையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

"பராமரிப்பே வேண்டாம்" என்று பாராட்டப்படும் அரளியின் எல்லா உறுப்புகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. பொன்னரளியின் விதை மிகக் கொடியது. குழந்தைகள் விளையாடும் வீட்டில் இதைச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

தோட்டத்தோடு நின்றுவிடாத செடிகளைப் பற்றி இக்கையேடுகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்ததே உண்ணிச்செடி. அதன் பழங்களைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடெங்கும் பரப்பின. இன்று முதுமலைக் காட்டில் விலங்குகளுக்கான புல்வெளியை அது புதராக மூடிக்கிடக்கிறது. மஞ்சள் பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் நீலகிரிக் காடுகளில் அதே வேலையைச் செய்ததால், வனத்துறை அதை வெட்டி அகற்றி வருகிறது. உண்ணிச்செடியோ 'லன்டானா' என்ற பெயரில், பல நிறங்களில், தொட்டிகளில் இன்னும் விற்பனையாகிறது; வாங்கிச் செல்வோரில் பலருக்கு அது எந்தச் செடி என்பது தெரிவதில்லை.