வால்ழான் மீண்டது எப்போது?

விக்தோர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிஸரேப்ல்' தமிழ் வாசகருக்குப் புதியதன்று. யோகி சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்தார். 1950-இல் கே. ராம்நாத் இயக்க, நாகையா நடித்த திரைப்படமும் அதே பெயரில் வந்தது. வெள்ளிப் பொருள்களைத் திருடியவனைக் காவலர் பிடித்துவர, ஆயர் மிரியேல் இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் காட்சி பலர் நெஞ்சில் நிலைத்தது. அம்மன்னிப்போடு அவனது மீட்சி முடிந்துவிட்டதாக நாம் கருதிவிடுகிறோம். ஹ்யூகோ அவ்வளவு எளிதாக அவனை விட்டுவிடவில்லை.

ஒரு ரொட்டிக்காக 1796-இல் சிறை புகுந்த ழான் வால்ழான், தப்பியோட முயன்றதால் தண்டனை நீண்டு, 19 ஆண்டுகளுக்குப்பின் 1815-இல் வெளிவருகிறான். கையிலுள்ள மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு அவன் யாரென்று ஊருக்கு உரைத்துவிடுகிறது. மூட்டை இறக்கிய இடத்தில் மற்றவர் பெறும் கூலி அவனுக்கில்லை. விடுதிகளில் இடமில்லை. இரவைக் கழிக்கச் சிறைக்கதவையே தட்டுகிறான், அதுவும் திறக்கவில்லை. இறுதியில் ஆயரின் இல்லத்தில் படுக்கை கிடைத்தும் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறான். படுக்கை மிகவும் சுகமாக இருந்ததுதான் காரணம்! பலகையில் கிடந்து பழகிய உடலுக்கு விடுதலை இன்னும் எட்டவில்லை.

மன்னிப்புப் பெற்ற அதே நாளில் ஓர் ஏழைச் சிறுவனின் நாணயத்தைக் காலடியில் மறைத்து அவனை விரட்டுகிறான். பின்னர் தன் செயலை உணர்ந்து, 19 ஆண்டுகளில் முதன்முறையாக அழுகிறான். ஆயரின் கருணை அவனை உடனே நல்லவனாக்கவில்லை. தன் தீமையைக் கண்டு அழும் ஆற்றலைத் தந்தது. குணமாதலின் தொடக்கம் அது.

பிறகு அவன் வேறு பெயரில் தொழிற்சாலை நடத்துகிறான், நகரத் தலைவராகிறான், வாரி வழங்குகிறான். ஊரார் மதிக்கின்றனர். ஆயினும் அவன் தனியன். 1823-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில், இருண்ட காட்டில் நீர் வாளியைச் சுமக்கமாட்டாமல் தள்ளாடும் எட்டு வயதுக் கோஸெத்தின் சுமையை அவன் வாங்கிக்கொள்கிறான். அதுவரை எவரையும் நேசித்தறியாத அந்த ஐம்பத்தைந்து வயது நெஞ்சு அப்போதுதான் திறக்கிறது. ஆயர் அவனுக்குக் கொடுத்தார். கோஸெத்துக்கோ அவன் தேவைப்பட்டான். பெறுபவனாகவே வைக்கப்படும் மனிதன் முழுமையாக எழுவதில்லை என்பதே நாவல் உணர்த்தும் நுட்பம் என்பேன்.

அப்போதும் சிறை அவனைவிட்டு முற்றிலும் அகலவில்லை. கோஸெத்தின் திருமணத்துக்குப்பின், தன் பழைய வாழ்வை மருமகன் மாரியுஸிடம் கூறித் தானே விலகுகிறான். இதனைத் தியாகம் எனப் போற்றுவோர் உண்டு. எனக்கு அது சிறை விட்டுச் சென்ற வெட்கத்தின் எச்சமாகவே தோன்றுகிறது. மாரியுஸ் கொடியவன் அல்லன். ஆயினும் கிழவர் வந்தமரும் அறையில் முதலில் கணப்பு மூட்டப்படுவதில்லை. பின்னர் நாற்காலிகள் வாசலருகே நகர்த்தப்படுகின்றன. வைவார் இல்லை, ஆனால் போகச் சொல்லியாயிற்று. நல்லவர்களால் நிகழும் இந்தப் புறக்கணிப்பே நாவலின் மிகக் கொடிய பகுதி. உண்மை தெரிந்து மாரியுஸும் கோஸெத்தும் ஓடிவரும்போது, ஆயர் தந்த தண்டுகளில் திரிகள் எரிய, அவன் மரணப் படுக்கையில் இருக்கிறான்.

வடசென்னை வாசகருக்கு இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. 2006-இல் செயற்படத் தொடங்கிய புழல் மத்திய சிறை நமக்குத் தொலைவில் இல்லை. மகாகவி பாரதியின் பெயர் தாங்கிய எம்.கே.பி. நகருக்கோ இராயபுரத்துக்கோ அங்கிருந்து ஒருவர் திரும்பும்போது, அவர் கையில் மஞ்சள் சீட்டு இராது. அதை நம் கண்களே வாசித்துவிடுகின்றன. அவர்மீது இரக்கம் கொள்வோர் பலர். ஒரு வேலையை, ஒரு சாவியை, ஒரு குழந்தையின் கையை நம்பி அவரிடம் ஒப்படைப்போர் எத்தனை பேர்?