முதல் ஆளாக வாங்குகிறவர்

விலை என்னவென்றே தெரியாத ஒரு வண்டிக்கு 499 ரூபாய் கட்டிப் பெயர் பதிந்துகொள்ள 2021 ஜூலையில் ஒரு பெருங்கூட்டம் இணையத்தில் முண்டியடித்தது. ஓலா மின் ஸ்கூட்டரின் விலையோ, ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதோ அப்போது அறிவிக்கப்படவில்லை. ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஷோரூமும் கிடையாது. பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வாக்கு மட்டும் இருந்தது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்ததாக நிறுவனம் சொன்னது. விலை ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஆலையில் செய்யப்பட்ட வண்டிகள் டிசம்பர் நடுவில்தான் பெங்களூரிலும் சென்னையிலும் முதல் ஆட்களின் கைக்கு வந்தன. மேடையில் காட்டிய குரூஸ் கன்ட்ரோல் முதலான சில வசதிகள் அவற்றில் இல்லை. 2022 ஜூன் மாத மென்பொருள் அப்டேட்டில்தான் அவை வந்துசேர்ந்தன.

இப்படி வாங்குகிறவரைப் பற்றி நம்மிடம் தயாராக இரண்டு தீர்ப்புகள் உண்டு. வீட்டிலும் தெருவிலும் அவர் காசைக் கரியாக்குகிறவர், பகட்டுக்காரர். விளம்பரத்தில் அவரே முன்னோடி, எதிர்காலத்தைக் கண்டவர். இரண்டும் அவருடைய குணத்தைத்தான் எடைபோடுகின்றன. முதலில் வாங்குவது குணம் பற்றிய விஷயமே அல்ல, அது ஒரு கொடுக்கல் வாங்கல் என்பது என் கருத்து. யார் எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார், தோற்றால் பின்வாங்க அவருக்கு வழியிருந்ததா என்று பார்த்தால்தான் அந்தப் பழக்கத்தின் நல்லதும் கெட்டதும் பிடிபடும்.

முன்னோடி என்ற பட்டத்துக்குக் கல்விப்புலத்தில் கௌரவம் தேடித் தந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வந்த ‘டிஃப்யூஷன் ஆஃப் இன்னோவேஷன்ஸ்’ நூலில், புதுமையை ஏற்பவர்களை அவர் ஐந்து கூறாகப் பிரித்தார். முதல் துணிச்சல்காரர்கள் 2.5 விழுக்காடு, அடுத்து முந்திக்கொள்பவர்கள் 13.5 விழுக்காடு, கடைசியில் தயங்கி நிற்பவர்கள் 16 விழுக்காடு. சந்தைப்படுத்துவோர் இன்றைக்கும் இதை வேதம்போல ஒப்பிக்கிறார்கள். ஊர் ஊராக எண்ணிப் பார்த்துக் கிடைத்த எண்ணிக்கை அல்ல அது. மணி வடிவ வளைகோட்டைத் திட்டவிலக்கத்தின்படி நறுக்கினால் விழும் துண்டுகளின் அளவு. அந்த நறுக்கலில் முந்தியவருக்கு உயர்ந்த இருக்கையும் பிந்தியவருக்குத் தாழ்ந்த இருக்கையும் தாமாகவே அமைந்துவிட்டன. புதுமை என்றாலே நல்லது என்று கருதும் சாய்வு இந்தத் துறையில் இருப்பதைப் பிற்காலப் பதிப்புகளில் ரோஜர்ஸே ஒப்புக்கொண்டார்.

அவருடைய கோட்பாட்டைவிட அது முளைத்த இடம் எனக்குச் சுவையாகப் படுகிறது. அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரையன், கிராஸ் என்ற இருவர் 1943இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தச் சிந்தனைக்கு வித்து. 1928 முதல் 1941க்குள் அந்த விவசாயிகளில் ஏறத்தாழ எல்லோருமே புது விதைக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் ஒரே பருவத்தில் முழு நிலத்தையும் மாற்றிவிடவில்லை. முதல் வருடம் நிலத்தில் ஒரு சிறு பங்கில் போட்டார்கள். விளைந்தது, கூட்டினார்கள். முதலில் துணிந்தவர்தான் மற்றவர்களைவிட மெதுவாகக் கூட்டினார். அவர் நிலமே அக்கம்பக்கத்தாருக்குச் சோதனை வயலானது. ரோஜர்ஸ் அதே அயோவாவின் விவசாயி மகன். இயந்திரங்கள் என்றால் ஆசையோடு வாங்கிய அவர் தந்தை, கலப்பின விதையை மட்டும் நம்பவில்லை. 1936ஆம் ஆண்டு வறட்சியில் பக்கத்து நிலத்துக் கலப்பினப் பயிர் நிமிர்ந்து நின்றது, அவர்கள் பயிர் வாடியது. பிந்தினாலும் இழப்பு உண்டு என்று மகன் கண்ணால் கண்டது அப்போதுதான். முந்துவதைக் கேலிசெய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பொதுவாகப் போடுவதில்லை.

ஸ்கூட்டருக்கு வருவோம். கால் பங்கு ஸ்கூட்டரை வாங்கி ஓட்டிப் பார்க்க முடியாது. ஆனால் பெட்ரோல் வண்டி ஒன்று ஏற்கெனவே நிற்கும் வீட்டில் இரண்டாவதாக வந்த மின் ஸ்கூட்டர் அந்தச் சிறு பங்குக்குச் சமம். அது சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் கிடந்தாலும் பிள்ளை பள்ளிக்குப் போய்விடும். மாதத் தவணையில் அதே வண்டியை வாங்கி அதிலேயே உணவு விநியோகம் செய்பவருக்கு மூன்று வாரம் என்பது மூன்று வாரக் கூலி. தவணையோ நிற்காது. இருவரும் ஒரே நாளில் ஒரே விலைக்கு ஒரே வண்டியை வாங்கினாலும் செய்தது ஒரே காரியம் அல்ல. ஒருவர் சோதித்துப் பார்த்தார். மற்றவர் பணயம் வைத்தார். விளம்பரம் இருவரையும் முன்னோடி என்றே அழைக்கும், அவர்கள் தாங்கும் சுமை வேறு வேறு என்றாலும்.

பணத்தைப் பொறுத்தவரை, ‘கொஞ்சம் பொறு, விலை இறங்கும்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதற்குச் சான்றாக ஐபோனைக் காட்டுவார்கள். 2007 ஜூன் கடைசியில் 599 டாலருக்கு வந்த கருவி செப்டம்பர் தொடக்கத்தில் 399 ஆனது. முதலில் வாங்கியவர்கள் கொதித்ததும் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி 100 டாலர் கடைவரவு கொடுத்தார். ஆனால் மின் ஸ்கூட்டரில் கதை நேர்மாறாகவும் நடந்தது. ஒன்றிய அரசின் ஃபேம் 2 திட்டம், 2021 ஜூனிலிருந்து பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் மானியம் தந்தது, வண்டி விலையில் 40 விழுக்காடு வரை. நான்கு கிலோவாட் மணி பேட்டரி என்றால் ஏறத்தாழ 60,000 ரூபாய். 2023 ஜூன் 1 முதல் அது 10,000 ரூபாயாகவும் 15 விழுக்காடாகவும் சுருங்கியது. மானியத்துக்கான ஒன்றரை லட்ச ரூபாய் விலை வரம்பை வைத்துப் பார்த்தால் அதிகபட்சம் 22,500தான். முந்தியவருக்கு அரசு கொடுத்தது பிந்தியவருக்குக் கிடைக்கவில்லை. சார்ஜருக்குத் தனியாக வசூலித்து அந்த விலை வரம்புக்குள் நின்றதாக எழுந்த புகாரில், ஓலா, ஏதர், டிவிஎஸ், ஹீரோ ஆகிய நான்கு நிறுவனங்களும் 2023இல் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டன.

பிறகு விலை இறங்கவும் செய்தது. 2024 பிப்ரவரியில் ஓலா தன் மாடல்களில் 25,000 ரூபாய் வரை குறைத்தது. அப்படியானால் காத்திருந்தவர் ஜெயித்தாரா? தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டியில், சென்னையில் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோல் விலையில், நாளுக்கு 90 ரூபாய் போகும். மின் ஸ்கூட்டருக்கு ஒன்றரை யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 12 ரூபாய். மாதம் 26 நாளுக்கு மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம், இரண்டு வருடத்துக்கு 48,000. 25,000 ரூபாய் தள்ளுபடிக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கைக் கூடுதலாகப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்திருப்பார். தினம் பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். ஆக, பொறுமை என்பது பொதுவான லாபம் அல்ல. எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதில்தான் அதன் லாபம் தொங்குகிறது. ஆறு மாதம் ஆசையாகத் தடவிவிட்டு மேசை இழுப்பறையில் போடும் ஸ்மார்ட் வாட்ச் என்றால், காத்திருப்பதைவிட வாங்காமல் இருப்பதே உத்தமம்.

இதுவரை பேசியது வாங்கியவரின் பணம். இந்தப் பழக்கத்தின் மிக மோசமான பக்கம் அங்கே இல்லை. 2022 மார்ச் கடைசியில் புனேயில் நிறுத்தியிருந்த ஓலா ஸ்கூட்டர் ஒன்று எரிந்த காணொளி நாடெங்கும் ஓடியது. ஏறத்தாழ அதே நாட்களில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த வேறொரு நிறுவனத்தின் வண்டி தீப்பற்ற, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஏப்ரலில் ஓலா 1,441 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. வேறு நிறுவனங்களும் அழைத்தன. அரசு நிபுணர் குழு அமைத்தது. பேட்டரி, அதன் மேலாண்மைச் சுற்று, சார்ஜர், ஒரு செல்லில் பிறந்த தீ அடுத்த செல்லுக்குப் பரவாமல் தடுப்பது ஆகியவற்றுக்கான கடுமையான விதிகள் முதல் கட்டமாக 2022 டிசம்பர் 1 அன்றும் அடுத்த கட்டமாக 2023 மார்ச் 31 அன்றும் நடைமுறைக்கு வந்தன. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் விற்பனை, பிறகு தீ, பிறகு விதி. ஆய்வுக்கூடத்தில் நடந்திருக்க வேண்டிய சோதனையின் ஒரு பகுதி வீட்டுக் கூடங்களில் நடந்திருக்கிறது.

‘அவராக விரும்பி வாங்கினார், ஆபத்தை ஏற்றார்’ என்ற வாதம் இங்கே நொறுங்கிப்போகிறது. ரசீதில் கையெழுத்திட்டவர் ஒருவர்தான். அதே கூரைக்குக் கீழே தூங்குகிறவர்களோ, அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தில் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்களோ எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. கைப்பேசியில் அப்டேட் வராமல் போனால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். மென்பொருள்காரர்களின் ‘முதலில் வெளியிடு, பிறகு திருத்து’ என்ற வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து பேட்டரிக்கும் பிரேக்குக்கும் பொருத்தியதுதான் இந்தப் பத்தாண்டின் பெரிய பிசகு என்று நினைக்கிறேன்.

பிசகில்லாத வழி இருக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏதர், தன் முதல் ஸ்கூட்டரை 2016இல் காட்டியது, 2018இல்தான் கொடுத்தது. அதுவும் பெங்களூரில் மட்டும். அங்கே சார்ஜிங் நிலையங்களை முதலில் நட்டுவிட்டு வண்டியைப் பிறகு விற்றது. சென்னைக்கு அடுத்த ஆண்டு வந்தது. அயோவா விவசாயியின் சிறு பங்கை இங்கே வாங்குபவர் அல்ல, செய்பவர் எடுத்துக்கொண்டார். ஓலா பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்சக்கர ஃபோர்க் பற்றிய புகார்கள் பெருகியபின் 2023 மார்ச்சில் பழைய வாடிக்கையாளர்களுக்கும் மேம்பட்ட ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. முதல் ஆட்கள் கண்டுபிடித்த குறைக்கு முதல் ஆட்களிடமே காசு கேட்காதது சரியான செயல். முதல் ஆட்களின் வண்டியில் பிழைகளை அறிந்து, திருத்திய வண்டியை அடுத்தவருக்கு விற்று, முதல் ஆளிடம் ‘உத்தரவாதம் முடிந்தது’ என்று சொல்லும் நிறுவனங்கள் உலகம் முழுக்க உண்டு.

சிலசமயம் பொருளே முடிந்துபோகும். சட்டையில் மாட்டிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவியாக 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு வந்தது ஹ்யூமேன் ஏஐ பின். அதற்குமேல் மாதம் 24 டாலர் சந்தா வேறு. பத்து மாதத்தில் நிறுவனம் தன் சொத்துகளை 116 மில்லியன் டாலருக்கு ஹெச்பிக்கு விற்றது. 2025 பிப்ரவரி 28 அன்று சர்வர்கள் அணைந்தன, கருவி வெறும் உலோகத் துண்டானது. கடைசி 90 நாட்களுக்குள் பெற்றவர்களுக்கு மட்டும் பணம் திரும்பியது. அதாவது, முதலில் நம்பியவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் ஓடாத எந்தப் பொருளிலும் முதல் ஆள் வாங்குவது பொருளை அல்ல, அந்த நிறுவனத்தின் ஆயுளை. செயலியோடு கட்டப்பட்ட ஸ்கூட்டர்களுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

முதல் ஆட்கள் அதிக விலை கொடுப்பதால்தான் பிறகு மற்றவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வாதம் எப்போதும் வரும். பாதி உண்மை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த ஒன்றியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தபோது தொடங்கிய செல்பேசிச் சேவையில், நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வரும் அழைப்புக்கும் காசு. சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்பிஜியும் அப்படித்தான் விற்றன. அந்த வாடிக்கையாளர்கள் கோபுரங்களுக்குக் காசு கொடுத்தார்கள், சரி. ஆனால் விலை சரிந்தது அவர்கள் பெருந்தன்மையால் மட்டும் அல்ல. உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றிய 1999 தொலைத்தொடர்புக் கொள்கையும், போட்டியும், 2003இல் வரும் அழைப்பை இலவசமாக்கிய மாற்றமும் சேர்ந்தபோதுதான் செல்பேசி மீன்காரரின் கைக்கு வந்தது. பேட்டரியிலும் அப்படியே. லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2023இல் கிலோவாட் மணிக்கு 139 டாலர், 2024இல் 115. அதில் போச்சம்பள்ளி வண்டியை முதலில் வாங்கியவரின் பங்கு சொற்பம், சீன ஆலைகளின் பங்கு பெரிது. அவர் உண்மையில் தந்தது வேறு: நம் வெயிலில், நம் பள்ளங்களில், மழைநீர் தேங்கிய நம் சுரங்கப்பாதைகளில் இந்த வண்டி என்ன ஆகும் என்ற விவரம். அதை எந்தச் சீன ஆலையும் தந்திருக்க முடியாது. அதற்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவும் இல்லை.

அந்த விவரம் இன்னும் முடிந்தபாடில்லை. அன்றைய மின் ஸ்கூட்டர்கள் பலவற்றின் பேட்டரிக்கு மூன்றாண்டு உத்தரவாதம்தான். அது தீர்ந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கியுள்ளன. பெட்ரோல் ஸ்கூட்டரை ஒரு உதை உதைத்து, சத்தம் கேட்டு விலை சொல்லப் பழகிய தரகருக்கு, பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று அளந்து சொல்லும் கருவி கையில் இல்லை. அந்தக் கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. முதல் ஆளாக வாங்கியவர் இப்போது முதல் ஆளாக விற்கவும் நிற்கிறார். அவர் வண்டிக்கு என்ன விலை கேட்பது என்பது அவருக்கும் தெரியவில்லை, எதிரில் நிற்பவருக்கும் தெரியவில்லை.