பல்சில்லில் ஒரு கை

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் சைக்கிள் ஓடுவதைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் மதகுதான். அமெரிக்க நிறுவனமான ஸ்பெஷலைஸ்ட் தன் ஸ்டம்ப்ஜம்பரை 1981இல் சந்தைக்கு விட்டபிறகே மலைச் சைக்கிள் ஆலைப் பொருளானது. தடித்த டயர், பல கியர். நல்ல வண்டிதான், ஆனால் என் கண் பழைய இங்கிலாந்துக் கறுப்புச் சைக்கிளிலேயே நின்றுவிட்டது.

அதன் அழகு செயின் ஓடும் பெரிய பல்சில்லில் இருக்கிறது. வெறும் ஓட்டை போட்டாலே போதும். ஆனால் றலி கம்பனிக்காரர் அதில் நாரைத் தலைகளை வெட்டினார்கள், ரட்ஜ்காரர் விரித்த கையை, ஹம்பர்காரர் மனித உருவங்களை. எழுத்து வாசிக்காமலே சைக்கிளின் குலம் தெரியும். ஹம்பருக்கு இன்னோர் அடையாளம், முன் சில்லின் இரட்டைக் குழாய்க் கவை. 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் நாட்டிங்காம் றலியே வாங்கிவிட்டது. முதலாளி ஒருவரானாலும் அந்தக் கை பல்சில்லை விட்டுப் போகவில்லை.

1990இல், போர்க்காலத்தில், அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றபோது யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள். கரியரில் விறகு, அரிசி மூட்டை, சில நேரம் நோயாளி. இரவில் ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றினால், டைனமோ மின்சாரத்தில் றேடியோ செய்தி சொல்லும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.