பறவைக் கையேட்டு ஓவியங்களை மதிப்பிடுதல்

பறவைகளைக் களத்தில் இனங்காண உதவும் கையேட்டில் ஓவியங்களே முதலிடம் பெறுகின்றன. கடையில் புரட்டும்போது நம் கண் அழகான படத்தைத் தேடுகிறது. ஏரிக்கரையில் நிற்கும்போதோ ஒத்த இரு பறவைகளைப் பிரித்துக் காட்டும் படம்தான் தேவைப்படுகிறது.

புதிய கையேடு கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது மடையான் பக்கத்தை. குளத்துக் கொக்கு, குருட்டுக் கொக்கு என்றும் இதனை அழைப்பர். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணிறத்தில் கண்ணுக்கே படாது. எழுந்து பறந்தால் இறக்கையும் வாலும் தூய வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். ஆகவே மூன்று படங்களாவது வேண்டும். பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவர்களை ஏரிக்கு அழைத்துச் சென்றேன். எங்களிடம் இருந்த கையேட்டில் உட்கார்ந்த நிலையில் ஒரே படம். மிக நேர்த்தியான படம்தான். ஒரு மாணவன், உட்கார்ந்திருந்ததை மடையான் என்றும் அதுவே பறந்தபோது வெள்ளைக் கொக்கு என்றும் எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். வீட்டில் அப்பக்கத்தை மீண்டும் பார்த்தபோதுதான், அதை நம்பிய எவரும் அப்படித்தான் எழுதுவர் என்று புரிந்தது. மறுநாள் அவனுக்கு மதிப்பெண் போட்டேன்.

அடுத்த சோதனை வெண்கொக்குகள். சின்னக் கொக்குக்குக் கருப்புக் கால், மஞ்சள் விரல்கள். இதனைப் பெரும்பாலான ஓவியர்கள் சரியாகவே காட்டுகின்றனர். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். இரண்டிற்கும் அலகின் நிறம் பருவத்திற்கேற்ப மாறும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. வாய்க்கோடு பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். மற்றதில் கண்ணுக்குக் கீழேயே முடியும். தலையைத் தனியே பெரிதாக வரையாத கையேட்டில் இது தெரியாது.

ரோஜர் டோரி பீட்டர்சன் அமெரிக்காவில் 1934இல் வெளியிட்ட கையேட்டில் ஒத்த பறவைகளை ஒரே நிலையில் அடுத்தடுத்து வரைந்து, கவனிக்க வேண்டிய இடத்தைச் சிறு கோட்டால் சுட்டினார். அப்படங்களில் பெரும்பாலானவை கருப்பு வெள்ளையே. ஆயினும் பயன்பட்டன. வண்ணத்துக்காகவே விலை கூட்டும் பதிப்பாளர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அளவிலும் ஏமாற்றம் உண்டு. ஒரே பக்கத்தில் தேன்சிட்டும் மைனாவும் சம அளவில் இருந்தால் புதியவர் குழம்புவார். சாலிம் அலி, 1941இல் வெளிவந்த தம் இந்தியப் பறவைகள் நூலில் சிட்டுக்குருவி, மைனா, காக்கை போன்ற அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டே அளவைக் கூறினார். படம் செய்யாததை அங்கே சொல் செய்தது.

ஓவியரின் குற்றமல்லாத குறை அச்சில் நேர்வது. பச்சை சற்றுக் கூடினாலும் இலைக் கதிர்க்குருவிகளின் பக்கம் முழுவதும் வீண். வாங்குமுன் வீட்டுக் காக்கையின் படத்தைப் பாருங்கள். கழுத்து சாம்பலாக இருக்க வேண்டும். பச்சையோ ஊதாவோ தட்டினால் அப்பிரதியை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.