தொகுப்பித்தோர் யார்? கூட்டுநிதியில் விளைந்த ஒரு பெண்ணியப் புனைவுத் தொகைநூல்

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகுத்த புலவரின் பெயரோடு, பொருள் தந்து தொகுக்கச் செய்த புரவலரின் பெயரையும் தமிழ் மரபு இவ்வாறு குறித்து வைத்திருக்கிறது. தொகைநூல் என்பது கதைகளையோ பாடல்களையோ ஓரிடத்தில் குவித்து வைப்பதோடு முடிவதில்லை. எது நினைவில் நிற்க வேண்டும், எதை மறந்தாலும் குறையில்லை என்று ஒரு காலம் வழங்கும் தீர்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில் புலவருக்குப் பங்கிருப்பது போலவே பொருள் தந்தவருக்கும் பங்குண்டு.

அரசரும் வள்ளல்களும் விலகிய பின்னர் இந்த இடம் பதிப்பகங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் சென்றது. இப்போது அதில் ஒரு பகுதி வாசகர்களின் கைக்கே வந்திருக்கிறது. இம்மாற்றத்தின் நிறைகுறைகளை எடைபோட ஏற்றதொரு நூல், ஆன் வாண்டர்மீரும் ஜெஃப் வாண்டர்மீரும் தொகுத்து, அமெரிக்காவில் ஓக்லாந்து நகரின் பி.எம். பிரஸ் 2015இல் வெளியிட்ட 'சிஸ்டர்ஸ் ஆஃப் த ரெவல்யூஷன்'. அறிவியல் புனைகதை, மாயப்புனைவு ஆகியவற்றையும் அவற்றின் எல்லைகளில் நிற்கும் எழுத்தையும் ஒருசேர ஊகப்புனைவு என்பர். அத்துறையின் பெண்ணியக் கதைகள் 29 இந்நூலில் இடம்பெறுகின்றன. நூல் அச்சேறுவதற்கு முன்பே, கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளத்தின் வழியே வாசகர்களிடமிருந்து இதற்கு நிதி திரட்டப்பட்டது.

2009இல் தொடங்கப்பட்ட அத்தளத்தின் நடைமுறை எளிமையானது. திட்டத்தை முன்வைப்பவர் ஓர் இலக்குத் தொகையையும் கெடுவையும் அறிவிக்கிறார். கெடுவுக்குள் இலக்கு நிறைவேறினால் ஆதரவாளர்களின் பணம் அவரைச் சேரும். நிறைவேறாவிடில் எவரிடமிருந்தும் ஒரு காசும் பெறப்படுவதில்லை. வென்ற திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து வீதம் தளத்தின் கட்டணம். ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியே உரிமம் பெற்று, அதற்குரிய தொகையும் செலுத்த வேண்டியிருப்பதால், தொகைநூல் பதிப்பாளர்கள் அஞ்சும் சரக்காகவே இருந்துவந்துள்ளது. முன்பணம் அந்த அச்சத்தைப் பதிப்பாளரின் தோளிலிருந்து இறக்கி, பல்லாயிரம் தோள்களில் சிறுசிறு சுமையாகப் பகிர்ந்தளிக்கிறது.

சந்தை இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் வாசகர் இருந்தனர் என்பதை மெய்ப்பித்ததே இம்முறையின் பெருஞ்சாதனை. 2014இல் 'லைட்ஸ்பீட்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழ், முழுவதும் பெண்களே எழுதித் தொகுத்த சிறப்பிதழுக்காக 5,000 டாலர் வேண்டியது. கிடைத்ததோ 53,000 டாலருக்கும் மேல். பெண்கள் அறிவியல் புனைவை அழிக்கிறார்கள் என்பதே அவ்விதழின் தலைப்பு. பெண்களின் வருகையால் இத்துறை கெட்டுவிட்டது என்று புலம்பியவர்களின் வசவையே கொடியாக உயர்த்தியது அத்தலைப்பு. திரண்ட மிகைநிதி அச்சம், மாயப்புனைவு ஆகிய துறைகளிலும் இத்தகைய சிறப்பிதழ்கள் வெளிவர வழிவகுத்தது.

மீண்டும் வாண்டர்மீர்களின் தொகுப்புக்கு வருவோம். தேர்வின் தரத்தில் ஐயமில்லை. ஜோவன்னா ரஸ் 1972இல் வெளியிட்ட 'வென் இட் சேஞ்ச்ட்' என்னும் கதையில், கொள்ளைநோயில் ஆண்கள் மாண்டுபோன ஒரு கோளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக முழுமையான சமூகமொன்றைக் கட்டி வாழ்கின்றனர். பூமியிலிருந்து ஆண்கள் வந்திறங்கி, இழந்ததை மீட்டுத்தர வந்திருப்பதாக இரக்கத்தோடு பேசுகின்றனர். படையெடுப்பைவிட அந்த இரக்கமே நம்மை அதிகம் நடுங்கச் செய்கிறது. ஆலிஸ் ஷெல்டன் என்னும் பெண்மணி ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண்பெயரில் புகழ்பெற்றவர். அவருடைய 'த ஸ்க்ரூஃபிளை சொல்யூஷன்' கதையில் பெண்கொலை ஒரு தொற்றாகப் பரவுகிறது. கொல்பவர்கள் அதற்குச் சமய நியாயம் கற்பித்துக்கொள்கின்றனர். இறைவனின் பெயர் மனித வன்மத்துக்குப் போர்வையாவதை அறிந்த எச்சமயத்தவரும் இக்கதையைத் தம்முடையதாகவே வாசிக்க இயலும்.

அர்சலா லெ குவினின் 'சுர்' வேறொரு அழகு. தென்னமெரிக்கப் பெண்கள் சிலர் அமுண்ட்சென்னுக்கு முன்பே தென்முனையை அடைகின்றனர். அடைந்தும் அடையாளம் எதனையும் விட்டுவைக்காமல் திரும்பிவிடுகின்றனர். நம் நாட்டில் பிறந்த வந்தனா சிங் தம் கதையில், தான் ஒரு கோள் என்று கணவரிடம் அறிவிக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணைப் படைக்கிறார். மனைவியின் உடலும் மனமும் தமக்குத் தெரிந்த நிலப்பரப்பு என்று நம்பியிருந்த கணவரின் திகைப்பே கதையின் நகைச்சுவை, துயரமும் அதுவே.

இத்தனை சிறப்புகளுக்கு நடுவே ஒரு வெற்றிடமும் இருக்கிறது. ஸ்பானியம், பிரெஞ்சு, ஃபின்னிஷ் முதலிய ஐரோப்பிய மொழிகளில் பிறந்த கதைகள் இந்நூலில் உள்ளன. நைஜீரிய, கரீபிய, ஜப்பானிய வேர்களையுடைய படைப்பாளிகளும் இருக்கின்றனர். ஆனால் அரபு, பாரசீகம், துருக்கி, உருது, வங்காளம் ஆகியவற்றிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட கதை ஒன்றுகூட இல்லை. முஸ்லிம் பெண்கள் பல நூற்றாண்டுகளாகக் கதை சொல்லிவந்த மொழிகள் இவை. தமிழும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வெற்றிடம் உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் இன்று பெண்ணிய ஊகப்புனைவு என்றழைக்கும் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. அவருடைய கதை முதலில் அச்சேறியதும் நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கி நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழில், 1905இல் வெளிவந்தது ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. அமெரிக்கரான சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டை 'ஹெர்லாண்ட்' நாவலில் படைத்ததோ 1915இல். பத்தாண்டு முன்னதாகவே ரொக்கேயாவின் பெண்ணாட்டில் ஆண்கள் வீட்டினுள் அடைந்து கிடந்தனர். பெண்கள் வெயிலைச் சேமித்துச் சமைத்தனர், மேகத்திலிருந்து நேரே நீர் இறக்கினர், வானூர்தியில் பறந்தனர்.

இக்கதையை வெறும் தலைகீழாக்கம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இதிலுள்ளது. பெண்ணாட்டின் சமயம் அன்பையும் உண்மையையும் அடிப்படையாகக் கொண்டது. அங்கே தூரத்து உறவினரும் உடன்பிறந்தாரைப் போலப் புனிதமானவர். மஹ்ரம் என்னும் உறவு வட்டத்தைச் சுருக்கிப் பெண்ணை அடைப்பதற்கு மாறாக, அவ்வட்டத்தை ஊரளவு விரித்து அவளை அச்சமின்றி நடமாடவிடுகிறார் ரொக்கேயா. மார்க்கத்துக்குள்ளிருந்து எழுந்த கற்பனை இது. பர்தாவைப் பேணி வாழ்ந்தவர் அவர். பெண்ணைக் கல்வியிலிருந்தும் காற்றிலிருந்தும் துண்டித்த மிகையான அடைப்பையே அவர் சாடினார். கணவர் ஒதுக்கிய பணத்தைக்கொண்டு 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு அதனை மீண்டும் தொடங்கினார். கனவின் அறிவியல் கூடங்களுக்கு அவர் தம் வாழ்நாளில் இட்ட அடித்தளம் அது.

இந்தத் தொகுப்பின் கதைகள் பெரும்பாலும் 1970களுக்குப் பின் எழுதப்பட்டவை என்பதால், 1905இன் கதை ஒன்று இடம்பெறாததை மட்டும் வைத்துக் குறை காண்பது நீதியன்று. அடுத்த ஆண்டே, 2016இல், இதே தொகுப்பாசிரியர்கள் 'த பிக் புக் ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பெருந்தொகுப்பில் சுல்தானாவுக்கு இடமளித்தனர். அதை வெளியிட்டது வணிகப் பெரும்பதிப்பகமான விண்டேஜ். ஆக, நிதி வாசகரிடமிருந்து வந்துவிட்டது என்பதாலேயே தொகுப்பின் பரப்பு விரிந்துவிடுவதில்லை. வணிகத்திலிருந்து வந்தது என்பதாலேயே அது சுருங்கிவிடுவதும் இல்லை. தேடும் கண்ணே முதன்மையானது.

ஆயினும் கூட்டுநிதிக்கே உரிய ஓர் ஆபத்தைக் கருதாதிருக்க இயலாது. நூலைக் காணாமலே பணம் தருபவர் எதை நம்பித் தருகிறார்? தொகுப்பாசிரியரின் பெயரையும், தமக்கு ஏற்கெனவே பழக்கமான எழுத்தாளர்களின் பெயர்களையும் நம்பித்தான். நண்பர் நண்பருக்குச் சொல்லத் திரளும் நிதி, அந்நண்பர்கள் பேசும் மொழியின் எல்லைக்குள்ளேயே சுழல்கிறது. மொழிபெயர்ப்போ அந்த எல்லைக்கு அப்பால் கிடக்கும் செலவு. அறியாத மொழியில், அறியாத பெண் எழுதிய கதைக்காக முன்பணம் தரும்படி கேட்பது கடினம். அதைக் கேட்கும் துணிவுடையவரும் அரியவர்.

இங்கேதான் நம் பொறுப்பும் தொடங்குகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்குத் துணைநின்றவர்களாக வள்ளல் சீதக்காதியும், அவருக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும் போற்றப்படுகின்றனர். நூலுக்காகப் பொருள் ஈவது நமக்குப் புதிய வழக்கமன்று. வக்ஃபும் சதகா ஜாரியாவும் பழகிய சமூகத்துக்குக் கூட்டுநிதியின் தத்துவத்தை எவரும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. புதிதாகப் பழக வேண்டியது ஒன்றுண்டு: பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் தரும் கை, ஒரு பெண்ணின் கற்பனை மொழிபெயர்க்கப்படுவதற்கும் நீள வேண்டும் என்பதே அது. ரொக்கேயாவின் வங்காள எழுத்துகள் மூலத்திலிருந்தே தமிழுக்கு வரவும், தமிழ் முஸ்லிம் பெண்களின் புனைவுகள் பிறமொழிகளுக்குச் செல்லவும் அந்த ஈகை வழிதிறக்கும்.

'சுல்தானாவின் கனவு' 2005இல் சென்னையின் தாரா பதிப்பகத்தால் துர்காபாயின் கோண்டு ஓவியங்களோடு மறுபிறப்பெடுத்தது. 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. நூறாண்டு காத்திருந்து கிட்டிய நினைவு இது. அடுத்த ரொக்கேயாவையும் அவ்வளவு காலம் காக்க வைக்கலாகாது. அவருடைய கதை அச்சேறும் நூலில், தொகுப்பித்தோர் என்ற இடத்தில் நம் பெயர்களும் இருக்கட்டும்.